புதுப்பிப்பு: ஊர் ஏரிக் கால்வாய் தூர்வார வெளியூர்க்காரர் பங்கு

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊர் ஏரியின் பாசனக் கால்வாயைத் தூர்வார, பெங்களூரில் இருக்கும் நாங்கள் எப்படிப் பங்கு கொடுப்பது என்று கேட்டிருந்தேன்.

வீட்டுக்கு இவ்வளவு என்ற யோசனை முதல் கூட்டத்திலேயே படுத்துவிட்டது. அரை ஏக்கர்காரரும் ஐந்து ஏக்கர்காரரும் ஒன்றா? ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) ஏக்கர் கணக்கில் பிரிக்கச் சொன்னாரே ஒருவர், அதுதான் பலித்தது. ஊரார் கூடி ஏரி, கால்வாயைப் பராமரித்த பழைய குடிமராமத்து போலவே, ஆள் வர முடியாதவர் கூலியைக் கட்டினால் போதும். நான் பெங்களூர் அல்சூரிலிருந்தே அனுப்பிவிட்டேன்.

எதிர்பாராதது: மதகை ஒட்டிய வயல்காரர்கள்தான் இழுத்தடித்தார்கள். அவர்களுக்கு எப்படியும் தண்ணீர் பாயுமே! கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் முதல் நாளே மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். அப்புறம், வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டித் தாத்தா, “பங்கு தராதவங்களுக்குக் கடைசி முறைதான்” என்றார். இரண்டே நாளில் பாக்கி வசூல்.

வண்டல் மண் எடுக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதால் ஏரிக்குள் கை வைக்கவில்லை.