பட்டாயாவில் ஐந்து நாள்: சைவ மாமியார், காரம் ஆகாத மகள், மீன் பிரியர் கணவர். எங்கே, எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி (எழுதியவர்: நவம்பர் பயணி)

வணக்கம். வரும் நவம்பரில் தாய்லாந்தின் பட்டாயாவில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். நான்கு பேர். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். வீட்டுக்காரருக்குக் கடல் உணவு என்றால் உயிர். எட்டு வயது மகளுக்குக் காரம் ஆகாது. செகண்ட் ரோட்டில் அறை எடுத்திருக்கிறோம், காலை உணவு அதில் சேர்த்தி இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 பாட் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு வேளையாவது அவருக்கு வயிறார நல்ல மீன், நண்டு வாங்கித் தர வேண்டும். இந்தப் பணம் போதுமா? மாமியாரைப் பழமும் ரொட்டியுமாக ஓட்ட வைக்க எனக்கு மனசில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1 (எழுதியவர்: லேம் சபாங் கணக்கர்)

தாராளமாகப் போதும் சகோதரி. லேம் சபாங் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். பட்டாயா அங்கிருந்து பக்கம்தான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கேதான் சாப்பாடு. அந்த ஊரில் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு பொழுது உண்டு. அதைத் தவறவிட்டால் ஆறிப்போனதைச் சாப்பிடுவீர்கள், இல்லையென்றால் கடற்கரை விலை கொடுப்பீர்கள்.

காலை ஏழு மணிக்கு சோய் புவாகாவ் பக்கம் நடந்து போங்கள். செகண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஓடும் நீளமான சந்து அது. கடலிலிருந்து பார்த்தால் பீச் ரோடு, செகண்ட் ரோடு, புவாகாவ், தேர்ட் ரோடு என்று வரிசை. ஒவ்வொரு வரிசை உள்ளே போகப் போக விலை இறங்கும், தாய்லாந்துக்காரர் கூட்டம் ஏறும். காலையில் அங்கே ஜோக் கிடைக்கும், குழையக் குழைய வெந்த அரிசிக் கஞ்சி. காரமே இருக்காது, மேலே இஞ்சி சீவிப் போடுவார்கள், மகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வழக்கமாகப் பன்றி உருண்டை போடுவார்கள், வேண்டாமென்றால் 'மாய் ஸை மூ' என்றால் போதும். பக்கத்திலேயே சூடான சோயா பால் விற்கும், 'நாம் தாவ் ஹூ' என்பார்கள். மாமியாருக்குக் காலையில் அது நல்ல துணை.

மதியச் சாப்பாட்டுக்கு காவ் கேங் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு தட்டில் குழம்பும் பொரியலும் வைத்திருப்பார்கள். விரலை நீட்டிக் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள், பாஷையே வேண்டாம். நான் சாப்பிட்ட காலத்தில் இரண்டு கறியோடு 50, 60 பாட். ஆனால் பதினோரு மணிக்கே போய்விட வேண்டும். ஒன்றரைக்கு மேல் போனால் தட்டின் அடியில் கிடப்பதுதான். ஒரு எச்சரிக்கை: காய்கறிக் குழம்பாகத் தெரிந்தாலும் அரைத்த மசாலாவில் 'கபி' என்ற இறால் விழுது இருக்கும். மாமியாருக்கு அங்கே எதுவும் வாங்காதீர்கள்.

வெயில் ஏறிய நேரம் சாப்பிட உட்கார வேண்டுமா? டால்பின் சிலை இருக்கும் ரவுண்டானாவை ஒட்டி டெர்மினல் 21 என்ற வணிக வளாகம் இருக்கிறது, 2018இல் திறந்தார்கள். அதற்குள் பியர் (Pier) 21 என்ற உணவுக்கூடம். முதலில் ஒரு அட்டையில் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், மீதியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஏசி போட்ட இடத்தில் தெருக்கடை விலை.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். என் அம்மா அப்பா முதல்முறை வந்தபோது கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு கடையில் மீன் சொன்னேன். அட்டையில் இருந்த விலை 100 கிராமுக்கு என்று கவனிக்கவில்லை. ஒன்றரைக் கிலோ மீன் வந்தது, பில் 2,300 பாட். அப்பா முகம் அன்றைக்கு முழுக்கச் சரியாகவே இல்லை, எனக்கு இன்னும் அது மனசில் நிற்கிறது. அதனால் கடல் உணவு எங்கே சாப்பிட்டாலும் எடையையும் மொத்த விலையையும் முன்னாலேயே கேளுங்கள்.

அதைவிட நல்ல வழி நாக்லுவாவில் இருக்கும் லான் போ மீன் சந்தை. டால்பின் ரவுண்டானாவிலிருந்து சோங்தேவ் போகும், பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. ஓடும் வண்டியை மறித்து ஏறுங்கள், இறங்கும் இடத்தில் மணி அடியுங்கள், பணத்தை இறங்கிய பிறகு கொடுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் காலி வண்டியிடம் விலை கேட்டால் மொத்த வாடகைக்குப் பேசுவார்.

மாலை நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், வயிற்றுப் பக்கம் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், அமுங்கினால் சதை இல்லை. நீல நண்டை 'பூ மா' என்பார்கள். இறாலும் சிப்பியும் கண் முன்னால் நிறுத்துத் தருவார்கள். அந்தப் பையை அப்படியே பக்கத்தில் அடுப்பு வைத்திருப்பவரிடம் கொடுங்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சுட்டோ அவித்தோ தருவார். கூடவே பச்சை மிளகாய், பூண்டு, எலுமிச்சை, மீன் சாறு சேர்த்த ஒரு தொக்கு, 'நாம் ஜிம்'. பக்கத்துப் பூங்காவில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து உடைத்துச் சாப்பிடுவார்கள். சூரியன் இறங்குகிற நேரம், கையெல்லாம் நண்டு வாசனை. பட்டாயாவில் நான் சாப்பிட்டதில் அதற்கு மிஞ்சியது இல்லை.

குதிரைலாட நண்டின் முட்டையை மட்டும் தொடாதீர்கள். அதில் ஒரு இனத்துக்கு உயிரை எடுக்கும் நஞ்சு உண்டு, வேகவைத்தாலும் போகாது. இரண்டு இனத்தையும் பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம்.

பதில் 2 (எழுதியவர்: இரண்டு முறை போனவள்)

மாமியாருக்காக இதை எழுதுகிறேன், என் அம்மாவும் அதே மாதிரிதான்.

'சைவம்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொடுப்பார்கள். தப்பு எண்ணம் இல்லை, அவர்கள் பழக்கம் அப்படி. 'ஜே' என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் சேராத சாப்பாடு அது. ஜே கடைக்கு அடையாளம் ஒரு கொடி: மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்று எழுதியது மாதிரி இருக்கும். அக்டோபர் வாக்கில் நடக்கும் ஒன்பது நாள் ஜே விழாவின்போது ஊரெங்கும் அந்தக் கொடி பறக்கும். நீங்கள் போகும்போது குறைந்திருக்கும், ஆனால் ஜே கடைகள் வருஷம் முழுக்க உண்டு. இன்னொரு வாக்கியம், 'மாய் ஸை நாம் ப்லா', மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம்.

ஒன்று சொல்ல வேண்டும். 'கப்ராவ்' என்று வதக்குகிறார்களே, அந்த இலை துளசி. என் அம்மா வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார், பெருமாளுக்கு உரியதை வதக்குவதா என்று தட்டை நகர்த்திவிட்டார். அப்புறம் டோஃபுவும் 'ஹொராபா' இலையும் போட்டு வாங்கித் தந்தேன். அது திருநீற்றுப்பச்சிலை வகை, அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை.

இந்தியக் கடைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ஒரு கறியின் விலையில் தாய்லாந்துச் சாப்பாடு இரண்டு மூன்று வாங்கலாம். அசதியான ஒரு இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. துளசி விஷயம் தெரியாமல் போயிருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். கணக்கர் அண்ணா, 1,500ஐ எப்படிப் பிரிக்கலாம்? பப்பாளி சாலட் மகளுக்குக் கொடுக்கலாமா?

லேம் சபாங் கணக்கர்

காலை 160, மதியம் 240, பழம் 80, இரவு 500. மொத்தம் 980. ஒரு நாளைக்கு 520 மிச்சம். நாலு நாள் அப்படிப் பிடித்தால் 2,080 சேரும், நாக்லுவா மாலைக்கு அன்றைய 1,500உடன் அதையும் எடுத்துப் போங்கள். வீட்டுக்காரர் கணக்குப் பார்க்காமல் சாப்பிடட்டும்.

பழ வண்டியைத் தவறவிடாதீர்கள். ஐஸ் மேல் வைத்த அன்னாசியையும் கொய்யாவையும் பெரிய கத்தியால் டக் டக் என்று நறுக்கிப் பையில் போட்டு, ஒரு மூங்கில் குச்சியும் சின்னப் பொட்டலத்தில் மிளகாய், உப்பு, சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். மாமியாரும் மகளும் சேர்ந்து சாப்பிடலாம்.

பப்பாளி சாலட், அதாவது சோம் தாம், கண் முன்னால்தான் இடிப்பார்கள். மண் உரலில் முதலில் விழுவது பூண்டும் மிளகாயும்தான். அந்த அம்மா கையை நிறுத்திக்கொண்டு 'ப்ரிக் கீ மெட்' என்று கேட்பார், எத்தனை மிளகாய் என்று. 'மாய் ஸை ப்ரிக்' என்று சொன்னால் மிளகாயே போடாமல் இடிப்பார். ஆனால் முன்னால் இடித்த காரம் உரலில் ஒட்டியிருக்கும், கழுவித்தரச் சொல்லிச் சைகை காட்டுங்கள். அதில் காய்ந்த இறாலும் மீன் சாறும் சேரும், மாமியாருக்கு ஆகாது.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். சந்துகளில் தண்ணீர் இயந்திரம் இருக்கும், பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது வாடகைக் கார் என்றால் ஓட்டுநரிடம் சுகும்வித் சாலை வழியாகப் போய் நோங் மோன் சந்தையில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே காவ் லாம் விற்பார்கள். ஒட்டும் அரிசி, தேங்காய்ப் பால், சர்க்கரை, கறுப்புப் பயறு, எல்லாவற்றையும் மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்டது. மாமியார் தாராளமாகச் சாப்பிடலாம். குழாயை வாங்கும் இடத்திலேயே தட்டிப் பிளந்துதரச் சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் உட்கார்ந்து கையால் பிரிக்க முடியாது.