'கோலெம்' நாவலில் கோலெம் எங்கே?

களிமண்:
குஸ்தாவ் மைரிங்க் ஜெர்மனில் எழுதி 1915இல் புத்தகமாக வந்த 'கோலெம்' நாவலை முடித்தேன். பெரிய ஏமாற்றம். பிராக் நகர யூதர்களின் மூலக்கதையில் யூத மதகுரு ரபி லோவ் களிமண்ணால் 'கோலெம்' என்ற ஓர் ஆளைச் செய்கிறார். இறைநாமம் எழுதிய சீட்டை அதன் வாயில் வைத்ததும் எழுந்து வேலை செய்கிறது. ஒருநாள் கட்டுமீறுகிறது. நாவலிலோ இதை ஒரு பொம்மலாட்டக்காரர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். மற்றதெல்லாம் கனவு, சீட்டுக்கட்டு, ஆன்ம விடுதலை. திகில் நாவல் என்று யார் சொன்னது?

பழைய பிராக்:
நான் சொல்கிறேன். அந்தப் பொம்மலாட்டக்காரர் ஸ்வாக் சொல்வதை இன்னொரு முறை படியுங்கள். ஏறக்குறைய 33 வருடத்துக்கு ஒருமுறை, மீசை தாடி இல்லாத அந்நிய முகத்தோடு, கோலெம் என்று நம்பப்படும் ஒருவன் யூதர் குடியிருப்புத் தெருவில் நடந்து மறைகிறான். அங்கே வாசலே இல்லாத ஓர் அறை இருக்கிறது. எல்லா ஜன்னல்களிலும் துணியைத் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான், துணி இல்லாத ஒரு ஜன்னல் இருப்பது தெரியவருகிறது. கூரையிலிருந்து கயிறு கட்டி இறங்கியவன் கயிறு அறுந்து விழுந்து மண்டை உடைந்து சாகிறான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாவலின் நாயகன், ரத்தினக் கல் செதுக்கும் பெர்னாத்திடம் ஒருவன் புத்தகம் ஒன்றைச் செப்பனிடத் தருவதை மறந்துவிட்டீர்களா? அவன் போனபின் முகம் நினைவுக்கு வரவில்லை. அவனைப் போல நடந்து பார்க்கிறான் பெர்னாத். அந்த முகம் தன் முகத்தின்மேல் ஏறுவதை உணர்கிறான். மண்பொம்மை துரத்துவதைவிட இது பயங்கரம்.

களிமண்:
அந்தக் காட்சி நல்ல காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யூத மரபா? யூத மறைஞான மரபான கபாலாவை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெமே, இந்த நாவல் பேசும் மீட்பு யூதச் சிந்தனையைவிட இந்தியச் சிந்தனைக்கு நெருக்கமானது என்றார். மைரிங்க் யூதரும் அல்ல. அப்புறம் காயலான் கடைக்காரர் வாஸர்ட்ரும்! பிளந்த உதடு, பணவெறி, வஞ்சம். யூத வெறுப்புக் கேலிச்சித்திரங்களில் வரும் அதே உருவம். இதை எப்படிக் கடந்துபோகிறீர்கள்?

அடையாறு வாசகி:
ஷோலெம் சொன்னதற்குக் காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மைரிங்க் பிரம்மஞான சபை (தியாசபிகல் சொசைட்டி) வட்டத்தில் இருந்தவர். அந்தச் சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறில். அங்கிருந்து ஐரோப்பா போன கருத்துகள்தாம் இந்த நாவலில் கபாலாவின் பெயரில் வருகின்றன. படிக்கும்போது சில பக்கங்கள் நமக்குப் பழகியவையாகத் தோன்றுவது அதனால்தான்.

பழைய பிராக்:
சரி, தூய கபாலா இல்லைதான். ஆனால் மூலக்கதை என்கிறீர்களே, ரபி லோவ் எழுதியவற்றில் கோலெம் கிடையாது. அவர் 1609இல் இறந்தார். கோலெமை அவரோடு சேர்த்துச் சொல்லும் கதை அச்சில் வந்தது 19ஆம் நூற்றாண்டில். சொன்னவர்கள் எல்லோருமே மாற்றித்தான் சொன்னார்கள்.

எனக்கு முக்கியம் வேறொன்று. 1890களில் தொடங்கி பிராக் நகராட்சி அந்த யூதர் குடியிருப்பை இடித்துத் தள்ளியது. சில தொழுகைக்கூடங்களும் யூத நகரமன்றமும் கல்லறையும்தான் மிஞ்சின. மைரிங்க் அந்த நகரத்தில் வங்கி நடத்தியவர். 1902இல் மோசடிக் குற்றச்சாட்டில் சிறை போனவர். பெர்னாத்தும் செய்யாத குற்றத்துக்குச் சிறை போகிறான். திரும்பி வந்தால் தெருக்கள் இடிந்து கிடக்கின்றன. தலைப்பில் இருக்கும் கோலெம் அந்தத் தெருக்கள்தாம். முதல் அத்தியாயங்களிலேயே வீடுகள் ராத்திரியில் உயிரோடு கூடிப் பேசுவதாக எழுதுகிறாரே!

வாஸர்ட்ரும் பற்றி: பெர்னாத்துக்கு வழிகாட்டும் யூத ஞானி ஹில்லெலையும் சேர்த்துப் பாருங்கள். நாவலிலேயே மேன்மையான மனிதர் அவர்தான்.

களிமண்:
ஒரு பேய், ஒரு ஞானி. நடுவில் சாதாரண யூதக் குடும்பம் ஒன்றுகூட இல்லையே. அந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் எங்கே? வீடுகளுக்கு உயிர் கொடுத்தவர் மனிதர்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும். இடிபட்ட தெருக்கள் பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. சிறையிலிருந்து திரும்பும் பகுதியை இன்று மறுபடி படிக்கிறேன். வாஸர்ட்ரும் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறாது.