“எங்கள் கோபி வீடு” குடும்பக் குழு: அமெரிக்காவில் படிக்கும் யாழினிக்கு வந்த எச்சரிக்கை (எல்லாம் இந்திய நேரம்)

யாழினி (காலை 5:52): எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வளாகத்தில் வேதியியல் கட்டிடத்தில் எரிவாயு கசிந்திருக்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை, நூலகத்தில் நலமாக இருக்கிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் பதறக் கூடாது.

கோமதி (5:58): போனை ஏன் எடுக்கவில்லை? அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

யாழினி (6:01): அம்மா, இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் ஒரேயடியாகப் பேசினால் லைன் கிடைக்காது. மெசேஜ் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நம்பு, நன்றாக இருக்கிறேன்.

கோமதி (6:02): சரி. சாப்பிட்டாயா?

யாழினி (6:03): சாப்பிட்டுவிட்டேன் அம்மா.

செந்தில் மாமா (6:10): உனக்கு யார் சொன்னார்கள் யாழினி? கட்டிடத்துக்குள் இருந்தவர்கள் சொன்னார்களா?

யாழினி (6:14): இல்லை மாமா, பல்கலைக்கழகமே சொன்னது. போன், மின்னஞ்சல், நூலகத்துத் திரை, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வந்தது. "வேதியியல் கட்டிடத்தில் எரிவாயுக் கசிவு. உள்ளே இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள். மற்றவர்கள் அந்தப் பக்கம் வராதீர்கள்." அவ்வளவுதான். என்ன நடந்தது, எங்கே, நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதிலேயே இருந்தன.

அப்பிச்சி (6:31): கண்ணு, இப்போதுதான் பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரியில் ஆபத்து என்றாலே எனக்கு 2007 ஏப்ரல் 16 நினைவுக்கு வந்துவிடுகிறது. நம் கோபியில் பிறந்த பேராசிரியர் லோகநாதன் வர்ஜீனியா டெக் துப்பாக்கிச் சூட்டில்தான் போனார். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே. மொத்தம் 32 உயிர்கள். அன்றைக்கு அவர்களை யாரும் முன்கூட்டியே எச்சரிக்கவில்லையா?

யாழினி (6:44): எச்சரிக்கை தாமதமாகத்தான் வந்தது அப்பிச்சி. காலை 7:15 வாக்கில் ஒருவன் விடுதியில் இருவரைச் சுட்டிருக்கிறான். இது தனிப்பட்ட தகராறு, சுட்டவன் வளாகத்தைவிட்டுப் போயிருப்பான் என்று போலீஸ் நினைத்தது. நிர்வாகம் கூடிப் பேசி, முதல் மின்னஞ்சலை அனுப்பும்போது மணி 9:26. அதிலும் விடுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, கவனமாக இருங்கள் என்றுதான் இருந்தது. இருவர் இறந்ததையே சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் அவன், லோகநாதன் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாரிஸ் கட்டிடத்தில் வகுப்பு வகுப்பாகச் சுட ஆரம்பித்துவிட்டான். கட்டிடத்துக்குள்ளேயே இருங்கள் என்று தெளிவாகச் சொன்ன மின்னஞ்சல் 9:50-க்குத்தான் வந்தது.

யாழினி (6:47): அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. முழு விவரமும் தெரியட்டும் என்று காத்திருந்தார்கள். தெரிந்தவரைக்கும் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கோமதி (6:50): இதையெல்லாம் காலையிலேயே சொல்லி என்னைக் கலங்கவைக்காதே.

யாழினி (6:58): கலங்க வேண்டாம் அம்மா, அதற்குப் பிறகு மாறியதையும் கேள். நான் இருக்கும் இதே பென்சில்வேனியாவில், லீஹை பல்கலைக்கழகத்தில், 1986-இல் ஜீன் கிளெரி என்ற 19 வயதுப் பெண்ணை விடுதி அறையிலேயே கொன்றுவிட்டார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ திறந்தே வைத்திருந்தார்கள். அவளுடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990-இல் சட்டம் வந்தது. வளாகக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டே ஆக வேண்டும். வர்ஜீனியா டெக்குக்குப் பிறகு, 2008-இல் அதைத் திருத்தினார்கள். உடனடி ஆபத்து உறுதியானதும் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும், அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். பல இடங்களில் செய்தியின் வாசகத்தை முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பணியில் இருக்கும் அதிகாரி இடத்தை மட்டும் நிரப்பி அனுப்பிவிடலாம்.

செந்தில் மாமா (7:15): இதைத்தான் நான் எங்கள் கல்லூரியில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அவசரநிலைக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. முதல்வர்தான் தலைவர். அவர் வெளியூரில் இருந்தால் யார் முடிவெடுப்பது என்று ஒரு வரிகூடக் கிடையாது. போன பருவத்தில் ஹாஸ்டல் பையன் ஒருவனுக்கு வலிப்பு வந்தது. 108 வேகமாகவே வந்துவிட்டது. ஆனால் ஹாஸ்டலுக்குப் பக்கத்து வாசல் பூட்டிக் கிடக்கிறது, சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். ஆம்புலன்ஸ் வளாகத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனது. அங்கே நின்று வழிகாட்டவும் ஆள் இல்லை.

பெரியம்மா (7:21): பையன் கையில் இரும்பைக் கொடுத்திருப்பார்களே?

செந்தில் மாமா (7:22): சாவிக்கொத்தைத் திணித்தார்கள் பெரியக்கா.

பெரியம்மா (7:27): ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைச் சொன்னேன், இன்னும் மாறவில்லை. கையில் எதுவும் வேண்டாம், வாயிலும் எதுவும் வைக்கக் கூடாது. கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. சுற்றியிருக்கும் நாற்காலி, மேசையைத் தள்ளிவிட்டு, தலைக்கு அடியில் மடித்த துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மணி பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து. இதை ஹாஸ்டல் வார்டனுக்கும் காவலாளிக்கும் சொல்லிக்கொடு தம்பி. முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான்.

கதிர் (7:30): அக்கா, கசிவு என்னவாயிற்று?

யாழினி (7:33): இப்போதுதான் செய்தி வந்தது. குழாயை அடைத்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. ஆபத்து நீங்கியது என்பதையும் அதே வழியில் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கிளம்பிவிடும்.

கோமதி (7:34): முருகா.

யாழினி (7:41): மாமா, இன்னொன்று. அந்தக் கட்டிடத்தில் தளத்துக்கு ஒருவர் பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்துப்போய் ஆட்களைச் சரிபார்த்தார்களாம். என் தோழி அங்கேதான் இருந்தாள். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் மூன்றாம் மாடியில் இருந்திருக்கிறார். லிப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் மாடிப்படி அருகே குறித்த இடத்தில் அவரை இருக்கவைத்து, தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதல் தகவலாக அதைத்தான் சொன்னார்களாம். உங்கள் ஒத்திகையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செந்தில் மாமா (7:49): ஒத்திகையே நடப்பதில்லை, இனி நடக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்கப்போகிறேன். பக்கத்து வாசல் சாவி ஒன்று ஹாஸ்டல் வார்டனிடம் இருக்க வேண்டும். 108-க்குச் சொன்னதும் வாசலில் போய் நிற்க ஒருவரை முன்பே நியமிக்க வேண்டும். முதல்வர் இல்லாவிட்டால் யார், அவரும் இல்லாவிட்டால் யார் என்று பதவியோடு எழுத வேண்டும்.

அப்பிச்சி (7:55): கேள் செந்தில். விடாதே.

செந்தில் மாமா (7:57): விடமாட்டேன் அப்பா. யாழினி, உங்கள் வகுப்பறைக் கதவுப் பக்கத்தில் வெளியேறும் வழித்தாள் ஒட்டியிருந்தால் படம் எடுத்து அனுப்பு.

யாழினி (7:58): நாளைக்குக் காலை வகுப்புக்குப் போனதும் அனுப்புகிறேன் மாமா. அம்மா, என் தோழியின் எண்ணையும் உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், பதிந்துகொள்.