"சூப்பர் ப்ரோ!"

கீழக்கரையிலிருந்து:
2019இல் ஒரு கட்டற்ற செயலியின் (யாரும் திருத்தி உதவக்கூடியது) தமிழாக்கத்தைத் திருத்திக் கொடுத்தேன். 'சேவ்' பொத்தானுக்கு 'காப்பாற்று' என்று போட்டிருந்தார்கள். கடலோரத்தில் பிறந்த எனக்கு அதைப் பார்த்தாலே யாரோ நடுக்கடலில் கத்துகிற மாதிரி இருந்தது. 'சேமி' என்று மாற்றி அனுப்பினேன். அன்றைக்கே சேர்த்துக்கொண்டு, "சூப்பர் ப்ரோ!" என்று பதில் போட்டார்கள். என் பயனர் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. நானும் திருத்தவில்லை. பதினைந்து திருத்தம் அப்படியே போனது.

அப்புறம் முதல் குரல்வழிக் கூட்டம். மைக்கைத் திறந்து "வணக்கம்" சொன்னேன். ஒரு நொடி சத்தமே இல்லை. மறுவாரம் 'கோப்பு திற' என்பதை 'கோப்பைத் திற' என்று மாற்றி அனுப்பினால், "எந்த அகராதி பார்த்தீங்க சிஸ்டர்? யாராவது சரிபார்த்தாங்களா?" என்று கேள்வி. அது கிடப்பில் கிடந்தது 23 நாள். யாரும் திட்டவில்லை, அவமதிக்கவில்லை. அதனால் புகார் சொல்லவும் ஒன்றுமில்லை பாருங்கள்.

கூட்டம் மாலை ஆறரைக்கு. நோன்பு மாதத்தில் அது நோன்பு திறக்கிற நேரம். உம்மா கஞ்சியை ஊற்றிவைத்துக்கொண்டு கூப்பிடுவார். அந்த மாதம் மட்டும் இரவு பத்துக்குத் தள்ளலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்தால் கூட்டமே நடத்த முடியாது" என்றார்கள். பொங்கல் வாரத்தில் கூட்டம் இல்லை. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை, தானாகவே இல்லை.

தொண்டியிலிருந்து:
நான் எதிர்க்கட்சி. 2018 செப்டம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு, அதில் வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நடத்தை விதி வந்தபோது, கோடு (நிரல்) நல்லா இருந்தால் போதாதா, கெர்னல் உருப்படாது என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன். அதே நேரத்தில் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுமொழி மடல்களுக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் விலகி இருந்தார். கெர்னல் உருப்படாமல் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. விதி எழுதி ஒட்டியிருந்தால் உங்கள் 23 நாள் குறைந்திருக்குமா? கெட்ட வார்த்தைக்கு விதி உண்டு, கண்டுகொள்ளாததற்கு என்ன விதி?

பாம்பனிலிருந்து:
யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எனக்கும் நடந்தது. என் சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவர்கள் இறங்குகிற துறைக்கு அவர்கள் சொல்லும் பெயரையே போட்டேன். எங்கோ நகரத்திலிருந்து ஒருவர், "சரிபார்க்க முடியாத பெயர்" என்று எடுத்துவிட்டார். அந்தத் துறையில் பாசி மூட்டையோடு சித்தி நிற்கிற படத்தை அனுப்பிய பிறகுதான் பெயர் திரும்பி வந்தது. சித்தியிடம் சொன்னேன். "அந்தத் தம்பிக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்களாம் எங்க துறைக்குப் பேரு?" என்றார்.

மீண்டும் கீழக்கரையிலிருந்து:
தொண்டி அண்ணே, நீங்கள் கேட்டது சரிதான், விதியால் குறைந்திருக்காது. கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவர்களைக் கொண்டுவரும் ஆவுட்ரீச்சி பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள். 2006இல் நோம் என்ற கட்டற்ற கணினித் திரைச்சூழல் திட்டத்தில் பெண்களுக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. மூன்று மாதம், உதவித்தொகை உண்டு, வீட்டிலிருந்தே வேலை. முக்கியமாக, ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. நீங்கள் அனுப்புவதைப் பார்ப்பது அவர் பொறுப்பு. எனக்கு அப்படி ஒருத்தர் இருந்திருந்தால் 'கோப்பைத் திற' மறுநாளே உள்ளே போயிருக்கும்.

கூட்டம் இன்னும் ஆறரைக்குத்தான்.