மோசடி ஆய்வுத் துறையில் முதல் வேலை: ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போக முடியுமா?

கவிதா, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டு இங்கே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சி.ஏ. படிக்கும் வசதி இப்போது இல்லை. வவுச்சர் சரிபார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கை ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப்பார்ப்பது, இவைதான் அன்றாட வேலை.

சில வாரங்களுக்கு முன் ஒரு வியாபாரியின் கணக்கில் லாரி வாடகை பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே லாரிக்காரர் கொடுத்தவை. ஏப்ரலில் 41, 42. மே மாதம் 43, 44, 45. ஜூனில் 46. நடுவில் ஓர் எண்கூட விடுபடவில்லை. அந்த மனிதருக்கு இவர்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே கிடையாதா என்று உறுத்தியது. மூத்தவரிடம் காட்டினேன். “பில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பணம் வங்கி வழியாகப் போயிருக்கிறது. டிக் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்” என்றார். இப்படிக் கணக்கில் மோசடி இருக்கிறதா என்று தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

இணையத்தில் ஒரு பயிற்சி நிறுவனம் 1.8 லட்சம் ரூபாய் கட்டினால் டிப்ளமோவும் வேலை உத்தரவாதமும் தருவதாகச் சொல்கிறது. நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டலாமா? சி.எஃப்.இ. என்ற மோசடி ஆய்வாளர் சான்றிதழ் இல்லாமல் யாரும் உள்ளே விட மாட்டார்களா? நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதச் சொன்னால் என்ன செய்வது? “ஊரார் பகை நமக்கு எதற்கு” என்று அம்மா வேறு பயப்படுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சி, சென்னை

கவிதா, நகையை அடகு வைக்காதீர்கள். இந்தத் துறையில் வேலைக்கு உத்தரவாதம் தர எந்தப் பயிற்சி நிறுவனத்தாலும் முடியாது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பது அந்த டிப்ளமோவைவிட மதிப்புள்ளது: வவுச்சரைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம்.

நான் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஆவணச் சரிபார்ப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஆர்.சி.யூ. என்பார்கள். விண்ணப்பத்தோடு வரும் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வரிக் கணக்கு, சொத்துப் பத்திரம் எல்லாம் உண்மையானவைதானா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களில் பலர் உங்களைப் போல வெறும் பட்டதாரிகள்தான்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கோப்பைச் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கு அறிக்கை ஒன்று வந்தது. ஆறு மாதமும் இருப்பு நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. எழுத்துரு சரி, வங்கிச் சின்னம் சரி, வரிக்கு வரி கூட்டல் கழித்தலும் சரி. கணினியில் திருத்துகிறவர்கள் இப்போதெல்லாம் கூட்டலில் மாட்டுவதில்லை. ஆனால் ஜூன் மாதக் கடைசியில் வங்கி வரவு வைத்த வட்டி 88 ரூபாய். சேமிப்புக் கணக்குக்கு அன்றன்றைய இருப்பின் மீது வட்டி கணக்கிட வேண்டும் என்பது 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நான்கு லட்சத்துக்கு மூன்று மாத வட்டி ஏறக்குறைய 3,000 ரூபாய். 88 ரூபாய் வட்டி வந்திருக்கிறது என்றால் அந்தக் கணக்கில் சராசரியாகக் கிடந்தது பன்னிரண்டாயிரத்துக்கும் குறைவு. இருப்பை ஏற்றியவர் வட்டியை ஏற்ற மறந்துவிட்டார். இதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. வங்கி வட்டி போடும் விதம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். “ஞாயிற்றுக்கிழமை சம்பளம் வரவாகியிருந்தால் அறிக்கை போலி” என்று இன்னும் சிலர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அது நல்ல சோதனை. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் என்ற வங்கிப் பணப் பரிமாற்ற முறை எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகிறது. 2021 ஆகஸ்ட் முதல், பலருக்கு மொத்தமாகப் பணம் அனுப்பும் நாச் முறை வழியான சம்பள வரவும் விடுமுறை நாளில் நடக்கிறது. பழைய சோதனையையே பிடித்துக்கொண்டிருந்தால் நேர்மையாகச் சம்பாதிக்கும் ஒருவரின் வீட்டுக் கடன் நின்றுபோகும். அவரிடம் காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பயம் தருவது இதுதான். தப்பிய மோசடியால் நிறுவனத்துக்குப் பண நஷ்டம். தவறான சந்தேகத்தால் ஒரு குடும்பத்துக்கே நஷ்டம்.

உங்கள் லாரி பில்லுக்கு வருகிறேன். உறுத்தியது சரியான இடத்தில்தான். தொடர் எண்கள் வந்தால் விற்பவருக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை, ஆளே கற்பனையாக இருக்கலாம் என்பது தணிக்கையில் பழைய எச்சரிக்கை. ஆனால் அதோடு முடிவுக்கு வந்துவிட முடியாது. ஜி.எஸ்.டி. விதியே ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசைகளை அனுமதிக்கிறது. சிறிய லாரிக்காரர்கள் பெரிய வாடிக்கையாளருக்கென்று தனி பில் புத்தகம் வைத்துக்கொள்வதும் உண்டு. எனவே அடுத்த கேள்வி, பில்லுக்கு வெளியே இருக்கும் எந்த ஆவணம் இதே பயணத்தைப் பற்றிப் பேசும் என்பது. சரக்கு இறங்கிய இடத்தின் வாயில் பதிவேடு, சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில், எடைமேடைச் சீட்டு, சுங்கச் சாவடி ரசீது. லாரிக்காரரோ உங்கள் வியாபாரியோ எழுதாத ஒரு காகிதம் அதில் இருந்தால் அதற்குத்தான் எடை அதிகம். பில்லில் இருக்கும் வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் அது என்ன வகை வண்டி என்று தெரியும். 1996-இல் வெடித்த பீகார் கால்நடைத் தீவன ஊழலில் லாரி என்று கணக்கில் எழுதப்பட்ட எண்களைத் தேடியபோது ஸ்கூட்டரும் மொபெட்டும் வந்தன. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் ஊழலில் ஒரு சாதாரண வண்டி எண் பேசியது.

ஆனால் நீங்களாக லாரிக்காரருக்குப் போன் செய்யாதீர்கள், வெளியில் யாரிடமும் அந்த வியாபாரியின் பெயரைச் சொல்லாதீர்கள். பார்த்ததை நாள் குறித்துத் தணிக்கைக் குறிப்பில் எழுதி ஆடிட்டரிடமே கொடுங்கள். முடிவு அவருடையது. எழுதி வைப்பது உங்கள் கடமை.

சி.எஃப்.இ. பற்றி. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.சி.எஃப்.இ. என்ற அமைப்பு தருவது, 1988-இல் தொடங்கியது. நிதி மோசடி வகைகள், சட்டம், விசாரணை, தடுப்பு ஆகியவைதான் பாடங்கள். நல்ல சான்றிதழ், ஆனால் நுழைவுச் சீட்டு அல்ல. அது கைக்கு வரவே துறை சார்ந்த இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். மோசடியைக் கண்டறியும் பொறுப்போடு செய்த தணிக்கை வேலையையும் அந்தக் கணக்கில் காட்ட வழி இருக்கிறது. ஆகவே இப்போதே செய்யும் வேலையைப் பதிவு செய்து வையுங்கள், முதலில் வேலைக்குப் போங்கள், பிறகு அந்தச் சம்பளத்தில் தேர்வுக்குக் கட்டுங்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடத்தும் தடயக் கணக்கியல் படிப்பு சி.ஏ. உறுப்பினர்களுக்கானது, அதைத் தேடி நேரம் செலவிட வேண்டாம்.

ஏ.சி.எஃப்.இ. வகுத்த ஒழுக்க விதிகளில் ஒன்றை மட்டும் இன்றே மனப்பாடம் செய்யுங்கள்: ஒருவர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ ஆய்வாளர் கருத்துச் சொல்லக் கூடாது. “இவர் போலி அறிக்கை தயாரித்தார்” என்று நாங்கள் எழுதுவதில்லை. “30 ஜூன் தேதியிட்ட வட்டி வரவு, அறிக்கையில் காணும் இருப்போடு பொருந்தவில்லை, வங்கி நேரடியாக அனுப்பிய அறிக்கையில் இருப்பு வேறாக உள்ளது” என்று எழுதுவோம். போலியைத் தயாரித்தது விண்ணப்பதாரரா, கமிஷனுக்காக முகவர் செய்ததா என்பது அந்தக் கணத்தில் நமக்குத் தெரியாது. பல சமயம் விண்ணப்பதாரருக்கே தெரிந்திருக்காது.

ஆரோக்கியராஜ், பெங்களூரு

மீனாட்சி அம்மா கடன் பக்கம் சொன்னார். நான் பணப் பரிமாற்றக் கண்காணிப்பில் இருக்கிறேன். சென்னை ஓ.எம்.ஆர். பகுதியிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு வங்கிகளின் வேலை நிறைய நடக்கிறது, புதியவர்களை எடுக்கிறார்கள். கணினி ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டும். அதைத் திறந்து, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, அந்த ஆளின் தொழிலுக்கு இது பொருந்துகிறதா என்று பார்த்து மூடுவதோ மேலே அனுப்புவதோ முதல் நிலை ஆட்களின் வேலை. கல்லூரி மாணவன் கணக்கில் முன்பின் தெரியாத பலரிடமிருந்து யு.பி.ஐ. வரவு, சில நிமிடங்களில் எல்லாம் ஏ.டி.எம். வழியாக வெளியே. மோசடிப் பணத்தைக் கைமாற்ற இப்படி இன்னொருவர் பெயரில் பயன்படுத்தப்படும் கணக்கை நாங்கள் மியூல் கணக்கு என்போம். இந்தியாவில் சந்தேகத்துக்குரிய பரிமாற்ற அறிக்கை டெல்லியில் உள்ள நிதி உளவுப் பிரிவுக்குப் போகும். அப்படி அறிக்கை போனதை வாடிக்கையாளரிடம் கசிய விடுவது சட்டப்படி தவறு.

மறைக்காமல் சொல்கிறேன்: இரவு ஷிப்ட் உண்டு, ஒரு நாளைக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்ற இலக்கு உண்டு. வந்து ஆறு மாதத்தில் சலித்து விலகுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் பற்றிப் பயம் வேண்டாம். நானும் தமிழ் வழிதான், தூத்துக்குடிப் பக்கம். எங்கள் அறிக்கையில் அலங்காரத்துக்கு இடமே இல்லை. யார், எப்போது, எவ்வளவு, யாருக்கு என்று சிறு சிறு வாக்கியங்கள். தினமும் ஒரு வங்கி அறிக்கையை எடுத்துப் பத்து வரியில் எழுதிப் பழகுங்கள். எக்செலில் பிவட் டேபிள், இரண்டு பட்டியலை ஒப்பிடும் சூத்திரங்கள், இரட்டைப் பதிவைத் தேடுவது ஆகியவை தண்ணீர்பட்ட பாடாக வேண்டும். அதன்பின் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.கியூ.எல். மொழியின் அடிப்படை, இலவசமாகவே கற்கலாம்.

சுப்பையா, மதுரை

காவல்துறையில் பொருளாதாரக் குற்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, அம்மாவிடம் சொல்லுங்கள்: நிறுவனத்துக்குள் செய்யும் ஆய்வில் எதிராளியின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. கைது, சோதனை எல்லாம் அரசு அமைப்புகளின் அதிகாரம். உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதை நீங்களும் மறக்கக் கூடாது. யாருடைய கைப்பேசி அழைப்புப் பட்டியலையாவது வாங்கித் தருகிறேன் என்று ஒரு துப்பறியும் நிறுவனம் சொன்னால் அங்கே வேலைக்குச் சேராதீர்கள், அது குற்றம்.

இன்னொன்று. ஆவணத்தைக் கைப்பற்றிய விதம் சரியில்லாமல் எத்தனையோ வழக்குகள் தள்ளாடியிருக்கின்றன. மின்னஞ்சலோ கணக்குக் கோப்போ ஆதாரமாக வேண்டுமானால் மூலப்பிரதியைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழும் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) கேட்கிறது. அந்தப் பிரிவைத் தமிழிலாவது முழுதாகப் படித்துவிடுங்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது என்று எழுதி வையுங்கள்.

கவிதா, கும்பகோணம்

மீனாட்சி அக்கா, ஆரோக்கியராஜ் அண்ணா, சுப்பையா ஐயா, மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். பணம் கட்டப் போவதில்லை. வேலை தேடும்போது எந்தப் பெயரில் தேடுவது? நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

மீனாட்சி, சென்னை

மோசடி ஆய்வாளர் என்று மட்டும் தேடினால் அனுபவசாலிகளுக்கான வேலைகள்தான் வரும். கே.ஒய்.சி. அனலிஸ்ட், டிரான்ஸாக்‌ஷன் மானிட்டரிங், ஆர்.சி.யூ. எக்ஸிகியூட்டிவ், காப்பீட்டு நிறுவனங்களில் கிளைம் விசாரணை, இணைய வணிக நிறுவனங்களில் ரிஸ்க் அனலிஸ்ட், பெரிய நிறுவனங்களின் உள் தணிக்கை என்று தேடுங்கள். கிளைம் விசாரணையில் ஊர் சுற்ற வேண்டியிருக்கும்; மருத்துவமனைப் பதிவேடு, விபத்து நடந்த இடம் என்று நேரில் போக வேண்டும். எங்கள் பிரிவில் பெண்களும் களத்துக்குப் போகிறார்கள், ஆனால் மாலைக்குப் பிறகான சரிபார்ப்பை மறுக்கும் உரிமையைச் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் நான் கேட்பதைச் சொல்கிறேன். ஒரு சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவேன். அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தத்துக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்களா, நிகரத் தொகையை வங்கி வரவோடு ஒப்பிட வங்கி அறிக்கையைக் கேட்கிறார்களா என்று கவனிப்பேன். அதைவிட முக்கியமாக, ஒத்துப்போகாத ஒன்றைக் கண்டதும் “இது போலி” என்கிறவரைவிட “இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா” என்று கேட்கிறவரைத்தான் எடுப்பேன். பி.எஃப். 1,800 ரூபாயில் நின்றிருந்தால் அது பி.எஃப். கணக்கிடும் சம்பளத்துக்கான 15,000 ரூபாய் உச்சவரம்பின் 12 சதவீதம், தவறில்லை. இதைத் தெரிந்து வருகிறவர்கள் குறைவு.

மனிதர்கள் பேசுவதைக் கேட்கவும் பழகுங்கள். ஏ.சி.எஃப்.இ. 2024-இல் வெளியிட்ட உலக அறிக்கையில், அவர்கள் ஆராய்ந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த துப்பால்தான் வெளியே வந்தன; துப்புக் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் அந்தந்த நிறுவன ஊழியர்கள். கையாடலை முதலில் கவனிப்பது பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரர்தான். அவர் உங்களை நம்பி வாய் திறக்க வேண்டும்.

சுயவிவரத்தில் “வவுச்சர் சரிபார்த்தேன்” என்று விடாமல், எந்த வகைத் தொழில், என்னென்ன ஆவணங்களை எதோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர் எங்கும் வரக் கூடாது. எழுதி முடித்ததும் பெயர், முகவரி நீக்கி இங்கே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.