புறநகரிலிருந்து வேலைக்கு அரை மணி நேரமாம்!

நெடுவழி:
வீட்டை எங்கே அமைத்துக்கொள்வது என்று ஒருவர் இங்கே ஆலோசனை கேட்டிருந்தார். அதற்குக் கூரைநிழல் அவர்கள் நேற்று வழங்கிய தீர்ப்பு இது: "நகரம் மூச்சு முட்டும், கிராமம் ஆபத்துக்கு உதவாது; புறநகரில்தான் இரண்டின் நன்மையும் ஒருசேரக் கிடைக்கும், வேலைக்கும் அரை மணி நேரத்தில் போய்விடலாம்." கேட்டவர் நன்றி கூறிவிட்டு முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டார் என்பதால்தான் தனி இழையே தொடங்குகிறேன். மற்றவற்றை விடுங்கள், அந்த அரை மணி நேரத்தை மட்டும் அவர் விளக்கட்டும். அது வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரையிலான நேரமா, அல்லது விடுமுறை நாளின் விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் வண்டியை ஓட்டிக் காட்டி வீட்டுமனை விற்பவர் சொன்ன நேரமா?

கூரைநிழல்:
அடுக்குமாடி பற்றிய முந்தைய விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் போன வருத்தம் நெடுவழி அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது. அரை மணி என்பது நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்ட எண் அன்று. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி, போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் ஸஹாவி திரட்டிய தரவுகளைக் கொண்டு 1994-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்: நடந்து திரிந்த காலமானாலும் தொடர்வண்டிக் காலமானாலும் மனிதர் சராசரியாக ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள். போக அரை மணி, வர அரை மணி. வாகனத்தின் வேகம் கூடக் கூட அந்த அரை மணியில் எட்டக்கூடிய தூரம் கூடுகிறது, ஊரும் அதுவரை விரிகிறது. அந்த விரிவின் பெயர்தான் புறநகர். படித்துவிட்டு வந்து வாதாடுங்கள்.

நெடுவழி:
படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மார்க்கெட்டி சொன்னது சராசரி. தெருமுனைக்கு நடந்து வேலைக்குப் போகிறவரும் அதில் அடக்கம், விடியுமுன் எழுந்து இரண்டு வண்டி மாறிப் போகிறவரும் அடக்கம். உங்கள் பேச்சைக் கேட்டு ஊருக்கு வெளியே வீடு வாங்குகிறவருக்குச் சராசரி வந்து சாலையை ஒதுக்கித் தராது.

மேலும் அந்த அரை மணி நேரம் நின்ற இடத்தில் நிற்பதுமில்லை. ஆந்தனி டவுன்ஸ் என்னும் பொருளியலாளர் 1962-இலேயே இதை விளக்கிவிட்டார்: நெரிசலைக் குறைக்க விரைவுச்சாலை போட்டால், அதுவரை வேறு வழியிலும் வேறு நேரத்திலும் பயணித்தவர்கள் எல்லோரும் அந்தச் சாலைக்கே வந்து சேர்வதால், உச்ச நேர நெரிசல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலையை, பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள் வரும்படி 2008-இல் அகலப்படுத்தி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அங்கே உச்ச நேரப் பயணம் மீண்டும் நீண்டுவிட்டது. இருபத்தாறு தடம் போட்டும் நிலைநிறுத்த முடியாத அரை மணியை நீங்கள் ஒரே வரியில் நிலைநிறுத்திவிட்டீர்கள். பாராட்டுகிறேன்.

அளவுகோல்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை மக்கள்தொகை அடர்த்தி வரை நகரம், எதற்குக் கீழே புறநகர் என்று முதலில் வரையறுத்துக்கொள்வோமா? தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய புறநகரும், சொந்த வாகனம் இல்லாமல் வாழவே முடியாத புறநகரும் ஒன்றல்ல.

மூன்றாம்மாடி:
நெடுவழி அவர்களுடன் முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் அவர் இன்னும் மென்மையாகவே கேட்கிறார். அரை மணி ஒன்றரை மணியானால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள். நாளுக்கு மூன்று மணி நேரம். ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்று கொண்டால் 720 மணி நேரம், அதாவது இரவும் பகலுமாக முழுமையாக முப்பது நாட்கள். ஆண்டில் ஒரு மாதத்தைச் சாலைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் மாலைப் பொழுதில் தோட்டத்தில் அமர்ந்து இயற்கையை அனுபவிப்பார்களாம். சூரிச் பல்கலைக்கழகப் பொருளியலாளர்களான புரூனோ ஃபிரையும் அலோய்ஸ் ஸ்டுட்சரும் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து, நெடுந்தூரம் பயணிப்பவர்களின் மனநிறைவு குறைவாகவே இருக்கிறது என்றும், மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை ஈடுசெய்வதில்லை என்றும் காட்டியிருக்கிறார்கள்.

வரப்பு:
நீங்கள் மூவரும் அரை மணியா ஒன்றரை மணியா என்று அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருகிறது. என் வேலை என் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. சாலைப் போக்குவரத்தின் இரைச்சல் நாளின் சராசரியாக 53 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்தது. உங்கள் முதன்மைச் சாலைகளில் அதை எட்டுவதற்கு ஊரடங்குதான் போட வேண்டும். "கிராமம் ஆபத்துக்கு உதவாது" என்று எழுதியவரும் அதைக் கண்டிக்காமல் விட்டவரும் எனக்கு ஒரே கட்சிதான்.

நெடுவழி:
வரப்பு அவர்களே, அந்த வரியைக் கண்டிக்காததற்குக் காரணம், கூரைநிழல் எழுதியவற்றில் அது ஒன்றுதான் உண்மை. இதயத் துடிப்பு நின்று விழுந்தவருக்கு முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் அவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. உங்கள் ஊருக்கு அவசர ஊர்தி எத்தனை நிமிடத்தில் வரும் என்று நீங்கள் எழுதவில்லையே? ஆனால் இது வேறு விவாதம். கூரைநிழல் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை: வாசலிலிருந்து நாற்காலி வரையா?

வரப்பு:
வேறு விவாதம் என்று நீங்களே தொடங்கி நீங்களே முடித்துக்கொள்ள முடியாது. அருகிலிருப்பவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் அந்தச் சரிவு நிமிடத்துக்கு 3 அல்லது 4 விழுக்காடாக மட்டுப்படுகிறது என்பதை ஏன் மறைத்தீர்கள்? எங்கள் ஊரில் ஒருவர் விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருவார். உங்கள் அடுக்குமாடியில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் இருப்பவரின் பெயரே உங்களுக்குத் தெரியாது. டொராண்டோ பகுதியில் நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று: இதயத் துடிப்பு நின்றவர்களுள் மூன்றாம் தளத்துக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 விழுக்காட்டினரும், மூன்றாம் தளத்திலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 2.6 விழுக்காட்டினருமே பிழைத்தனர். மூன்றாம்மாடி அவர்கள் தம் புனைபெயரை மறுபரிசீலனை செய்துகொள்வது நல்லது.

மூன்றாம்மாடி:
தனிமனிதத் தாக்குதலுக்கு நான் பதிலளிப்பதில்லை. மின்தூக்கிக்கு அருகில் மின்னதிர்ச்சிக் கருவியை வைத்தால் தீர்ந்துவிடும் சிக்கலை நகரத்தின் குற்றமாகக் காட்டுகிறீர்கள். மருத்துவமனையே இல்லாத சிக்கலை எந்தச் சுவரில் மாட்டித் தீர்ப்பீர்கள்?

கூரைநிழல்:
பார்த்தீர்களா? நகரவாசிக்கு அயலார் இல்லை, கிராமவாசிக்கு மருத்துவமனை இல்லை. நான் எழுதியதை நீங்களே மெய்ப்பித்துவிட்டீர்கள். இரண்டின் நன்மையையும் சேர்ப்பது என் கண்டுபிடிப்பும் அன்று. தோட்ட நகரம் என்ற எண்ணத்தை முன்வைத்த ஆங்கிலேயர் எபனேசர் ஹோவர்டு 1898-இலேயே நகரம், நாட்டுப்புறம், இரண்டும் கலந்த மூன்றாவது என மக்களை ஈர்க்கும் மூன்று காந்தங்களை வரைந்து, மக்கள் மூன்றாவதைத்தான் நாடுவார்கள் என்று எழுதினார். அந்த எண்ணத்தில்தான் 1903-இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் உருவாகத் தொடங்கியது. அரை மணி நேரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் சற்று வரலாற்றையும் புரட்டலாம்.

நெடுவழி:
என் தரப்புச் சாட்சியை நீங்களே அழைத்துவந்ததற்கு நன்றி. ஹோவர்டு வரைந்தது 32,000 பேருக்கான ஊர். 6,000 ஏக்கரில் 1,000 ஏக்கரில் மட்டுமே வீடுகளும் கடைகளும் தொழிற்கூடங்களும். மிச்சமெல்லாம் விவசாய நிலம். தொழிற்கூடங்கள் ஊரின் விளிம்பிலேயே இருந்தன என்பதைக் கவனியுங்கள். அங்கே குடியிருப்பவர் நடந்தே வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். நீங்கள் பரிந்துரைக்கும் இடத்தில் வீடுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வேலை நகரத்தில், பள்ளி இன்னொரு மூலையில், மருந்துக்கடைக்கும் வண்டியை எடுக்க வேண்டும். ஹோவர்டின் படத்திலிருந்து வேலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, அது போன வெற்றிடத்தை "அரை மணி நேரம்" என்று சொல்லி நிரப்பியிருக்கிறீர்கள். ஆகவே மீண்டும் கேட்கிறேன்: பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் அதில் சேருமா, சேராதா? மழை நாள் சேருமா? வண்டி நிறுத்த இடம் தேடும் நேரம் சேருமா?

மூன்றாம்மாடி:
"எல்லோருக்குமான புறநகர்" என்று கூரைநிழல் அடுத்ததாக எழுதப்போகிறார் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுன்தான் அமெரிக்கப் புறநகரின் முன்மாதிரி. அதன் தொடக்ககால ஒப்பந்தங்கள் வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருப்பதைத் தடை செய்தன. உங்கள் அமைதிக்குப் பின்னால் அப்படியும் ஒரு வேலி இருந்தது.

கூரைநிழல்:
நான் எழுதாததற்குப் பதில் எழுதும் கலையை மூன்றாம்மாடி எங்கே கற்றாரோ தெரியவில்லை. வேலியைப் பற்றி நீங்களா பேசுவது? நகர மையத்தில் புதுக் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்கும்போதெல்லாம், வெளிச்சம் மறைகிறது, தெருவின் தோற்றம் கெடுகிறது என்று மனுக் கொடுத்துத் தடுப்பவர்கள் ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருப்பவர்கள்தாம். வாடகை ஏறுகிறது, ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாதவர் வெளியே போகிறார், போனவரைப் பார்த்து "ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறாய்" என்று கேலி செய்கிறீர்கள். அவருக்கு அந்தப் பயணம் விருப்பம் அன்று, வாடகையில் மிச்சம் பிடித்ததற்கு அவர் கட்டும் வட்டி.

அளவுகோல்:
நகரப் போக்குவரத்து ஆய்வாளர்களான நியூமனும் கென்வொர்தியும் 1989-இல் உலகின் 32 நகரங்களை ஒப்பிட்டபோது, அடர்த்தி குறையக் குறைய ஒருவருக்கான எரிபொருள் செலவு கூடுவதைக் கண்டார்கள். அதனால்தான் அடர்த்தியை வைத்து வரையறுப்போம் என்றேன். யாராவது படிக்கிறீர்களா?

நெடுவழி:
வட்டி என்று இப்போதுதான் ஒப்புக்கொள்கிறார். நேற்றைய பதிலில் அந்த வட்டி அரை மணி நேரம் மட்டும்தான். வீடு வாங்கப் போன அந்த நண்பருக்கு உண்மையான தொகையை ஏன் சொல்லவில்லை? நேரடியாகக் கேட்கிறேன், நேரடியாகப் பதில் வேண்டும். நாளை காலை உச்ச நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் அலுவலகத்தை அடையும் நேரத்தையும் இங்கே பதிவிடுவீர்களா?

கூரைநிழல்:
நாளை முடியாது. 2020-இலிருந்தே நான் வீட்டிலிருந்துதான் பணிபுரிகிறேன்.

நெடுவழி:
படிப்பவர்கள் அனைவரும் மேலே உள்ள வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். பயணமே செய்யாத ஒருவர், பயணம் அரை மணி நேரம் என்று ஊருக்கெல்லாம் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்திருக்கிறார்!

கூரைநிழல்:
இதில் கைதட்ட என்ன இருக்கிறது? என் பயணம் அரை மணிக்கும் குறைவாகிவிட்டது என்றால் என் கூற்று இன்னும் வலுவடைகிறதே தவிர பொய்யாகவில்லை. கணினி முன் செய்யும் வேலைக்கு நகரம் எதற்கு?

வரப்பு:
கணினி முன் செய்யும் வேலைக்குப் புறநகர் மட்டும் எதற்கு என்று நான் கேட்கலாமா? ஆனால் ஒன்று, எங்கள் பக்கம் வருவதாக இருந்தால் கழிவுநீர்த் தொட்டியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நீங்களே பொறுப்பேற்றுச் சுத்தம் செய்விக்க வேண்டியிருக்கும். நகராட்சிக்குத் தொலைபேசியில் புகார் சொல்லியே பழகியவர்களுக்கு அது ஒத்துவராது.

மூன்றாம்மாடி:
கிராமத்தின் பெருமையைக் கடைசியில் கழிவுநீர்த் தொட்டியில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு நன்றி.

வரப்பு:
நீங்கள் குழாயில் அனுப்பிவிட்டு மறந்துவிடுவது எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா? அந்த ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

நெடுவழி:
கழிவுநீருக்கு வேறு இழை தொடங்குங்கள், அங்கேயும் வந்து பதில் சொல்கிறேன். கூரைநிழல் அவர்களே, உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற வேறு யாராவது இருப்பார்கள் அல்லவா? அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.