புதுப்பிப்பு: வங்கி போனஸுக்கும் கேஷ்பேக்குக்கும் வரி உண்டா?

புதுக் கணக்கு தொடங்கியதற்கு வந்த போனஸ், கார்டில் வந்த கேஷ்பேக், இரண்டையும் வருமானமாகக் காட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா, இப்போது தெளிவு கிடைத்திருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பொருள் வாங்கினால் வரும் கேஷ்பேக்கைப் பெரும்பாலும் தள்ளுபடியாகத்தான் பார்க்கிறார்கள்: 100 கொடுத்து 2 திரும்பி வந்தால் பொருளின் விலை 98 ஆகிவிட்டது, அவ்வளவுதான். கணக்கு தொடங்கியதற்குத் தரும் போனஸில் நாம் எதையும் வாங்கவில்லையே, அதனால் அது வட்டி மாதிரி வருமானமாகிவிடுகிறது.

அமெரிக்க வழக்கு ஒன்றைப் படித்தபோதுதான் எனக்கு இது நன்றாகப் புரிந்தது. ஒரு தம்பதி கார்டில் பரிசு அட்டைகளும் மணி ஆர்டர்களும் (அங்கே இவை காசோலை மாதிரி பணமாக்கிக்கொள்ளும் சீட்டுகள்) வாங்கிக் குவித்து 3 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி பெற்றிருக்கிறார்கள்; 2021ல் வரி நீதிமன்றம், பரிசு அட்டைக்கு வந்தது வருமானம் இல்லை, மணி ஆர்டருக்கு வந்தது வருமானம் என்றது, ஏனென்றால் மணி ஆர்டர் பொருள் அல்ல, பணமேதான். எவ்வளவு நுணுக்கமான கோடு பாருங்கள்!

அப்புறம், தொழில் செலவுக்குக் கார்டு பயன்படுத்துபவர்கள் கேஷ்பேக்கைக் கழித்துவிட்டு மீதியைத்தான் செலவாகக் காட்ட வேண்டும், தயவுசெய்து இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, நான் போனஸை வட்டியோடு சேர்த்துக் காட்டிவிட்டேன், கேஷ்பேக்கைச் சேர்க்கவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.